நான்கு விநாடி முகம்

ஒரு படத்தைப் பற்றிய காணொளிக் கட்டுரையின் திட்டத்தை ஒரே தாளில் அடக்கியிருந்தேன். பத்திரிகையில் இருந்த பழக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பு, எத்தனை நிமிடம், எந்தக் காட்சி, பின்னணியில் என் குரலா படத்தின் ஒலியா என்று பென்சிலால் குறித்திருந்தேன். முதற்பகுதி வீடு. அடுத்தது யன்னல்கள். அதற்கடுத்தது முதுகு. தலைப்புகளைப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோலத் தெரியும். படம் எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால்தான் சிக்கல். நான் மூன்று நாளில் மூன்று பதில் சொல்லியிருந்தேன்.

அது ஒரு சிங்களப் பேய்ப் படம். பெரிய நடிகர்கள் இல்லை. திரையரங்குக்கு வராமல் நேரே இணையத்துக்கு வந்தது. புதிதாகத் திருமணமான ஒரு சிங்களத் தம்பதி வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். முன்பு அங்கே இருந்து இறந்துபோன ஒரு தமிழ்ப் பெண் இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அவள் கத்துவதில்லை, யாரையும் தொடுவதில்லை. பொழுதுபடும் நேரத்தில் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிறாள். அவ்வளவுதான். கமரா அசையாமல் நிற்கும். ஆளில்லாத அறையில் ஒரு யன்னல் கதவு மெல்ல வந்து மூடிக்கொள்ளும். சில இடங்களில் சேலைத் தலைப்பு தெரியும், பின்னல் தெரியும், முதுகு தெரியும். முகம் தெரியாது.

முகம் ஒரே ஒரு தடவை வருகிறது. மனைவி படுக்கையறை அலுமாரியைத் துடைக்கும்போது, தட்டில் விரித்திருந்த பழைய தமிழ்ப் பத்திரிகையைக் காண்கிறாள். அதில் ஒரு மரண அறிவித்தல், பொட்டு வைத்த ஒரு பெண்ணின் படம். மனைவிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. படத்தின் மேல் விரலை வைத்து, "மே தமாய் எயா" என்கிறாள். இவள்தான் அவள். காட்சி நான்கு விநாடி நிற்கிறது, பிறகு வெட்டு. பேய்க்கு முகம் கொடுக்க இயக்குநர் ஒப்பனையை நாடவில்லை, பத்திரிகையின் சாம்பல் புள்ளிகளை நாடியிருக்கிறார் என்று எழுதிவைத்திருந்தேன். வாசிக்க முடியாத எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முகம்தான் பயமாகிறது என்றும் எழுதியிருந்தேன். காணொளிக் கட்டுரை முழுவதும் அந்த நான்கு விநாடியின் மேல்தான் நின்றது.

காணொளி என்ற யோசனை என்னுடையது அல்ல. பத்திரிகையில் என்னுடன் பக்கம் வடிவமைத்த ஒரு பெண், இப்போது தெஹிவளையில் தன் வீட்டு முன்னறையில் இருந்து கலியாண வீடியோக்கள் வெட்டிக் கொடுக்கிறாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். நான் வேலையை விட்டுக் கொட்டாஞ்சேனையில் சும்மா இருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, "நீங்க எழுதுங்க, நான் வெட்டுறேன்" என்று கூப்பிட்டவள் அவள்தான். இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். மூன்றாம் நாள் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, யன்னலுக்கு மட்டும் ஆறு நிமிசம் போட்டீக்கீங்க. யன்னல் சாத்துறத ஆறு நிமிசம் யாரு பாக்கிற?"

"அதுதான் படத்தின்ர விஷயமே."

"விஷயம் என்னா?"

"பொழுதுபட்டா வெளிச்சம் வெளியில தெரியக்கூடாது எண்டு ஒரு காலம் இருந்தது. ஊரடங்கு, சோதனை. அந்தப் பயம் அந்த வீட்டில தங்கிப் போச்சுது."

"நேத்து தனிமை என்டீங்க. முந்தாநேத்து குற்ற உணர்ச்சி என்டீங்க."

"மூண்டும்தான்."

"மூணும் என்டா ஒண்ணுமில்ல," என்றாள். "கலியாண வீட்டுக்காரங்க இப்பிடித்தான். எல்லாப் பாட்டையும் போடுங்க என்பாங்க."

அவள் அந்த நான்கு விநாடியை எடுத்து, காட்சியை நிறுத்தி, திரை நிறையப் பெருப்பித்தாள். நான் அதுவரை படத்தை என் கைத்தொலைபேசியில்தான் பார்த்திருந்தேன். அவளுடைய திரை பெரியது. பத்திரிகைத் தாளின் மடிப்பு, ஓரத்தில் பழுப்பு, விரல் நகத்தின் பூச்சு எல்லாம் தெரிந்தன. எழுத்தும் தெரிந்தது.

'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும்' என்று தொடங்கும் வரியைப் பாதி வாசித்ததும் நிறுத்திவிட்டேன். அந்தச் சொற்றொடர் எல்லா அறிவித்தலிலும் வரும். அதனால் அல்ல. பெயருக்கு மேலே இருந்த மெல்லிய இரட்டைக் கோடு எங்கள் பத்திரிகைக்கே உரியது. அதை அந்தப் பக்கத்துக்குப் பழக்கியவளே நான். பிறகு முகத்தைப் பார்த்தேன். எந்த முகம் என்று தெரிந்துவிட்டது.

"என்னா அக்கா?"

"இது செத்த ஆள் இல்லை."

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "என்னா செல்றீங்க?"

சொன்னேன். இதுவரை யாருக்கும் முழுதாகச் சொல்லாத கதை அது. பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒருவர் மரண அறிவித்தலோடு வந்தார். இறந்தவரின் தனிப்படம் கைக்கு அகப்படவில்லை என்று ஒரு கலியாணப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். நான்கு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் இரண்டு பேரும் சகோதரிகள். யாரை வெட்டியெடுப்பது என்று கேட்டேன். கலியாணப் படத்தின் முகப்பில் இறந்தவருக்குக் குறிபோட எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. அவர் படத்தைத் திருப்பி, முதுகுப் பக்கத்தில் அந்த ஆள் நிற்கும் இடத்தில் நீல மையால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டார். இடமிருந்து இரண்டாவது. நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார். நான் படத்தை முன்பக்கம் திருப்பி, இடமிருந்து இரண்டாவதாக நின்றவரை வெட்டினேன்.

தாளைத் திருப்பினால் இடமும் வலமும் மாறும் என்பதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அன்று மாலை அது எனக்குத் தோன்றவில்லை. அக்காவின் பெயருக்கு மேல் தங்கையின் முகம் வந்தது. மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்த தொலைபேசியை நான்தான் எடுத்தேன். "நீங்கள் போட்ட ஆள் நான். நான் சாகேல்லை," என்றது ஒரு பெண் குரல். கோபமாக இல்லை. செய்தி சொல்வதுபோல இருந்தது. ஆசிரியருக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன். அடுத்த நாள் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று இரண்டு வரி போட்டோம். வெட்டியது யார் என்று யாரும் வெளியில் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் திரையில் இருந்த பெயரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப ஒங்கட கட்டுரைல, செத்த பொம்பளட முகம், வாசிக்க ஏலாத எழுத்து, அதெல்லாம்?"

"தெரியேல்லை."

"எழுத்து ஒரு ஆளு, முகம் ஒரு ஆளு."

"ஓம்."

"டைரக்டர் தெரிஞ்சுதான் போட்டாரோ?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்து போட்டிருந்தால் எல்லாம் பொருந்தும். பெயர் மாறிய முகம், தவறான ஆளுக்குப் பயப்படும் வீடு. புதிதாக ஒரு பகுதியே எழுதலாம். படத்தின் கலைப் பிரிவில் வேலைசெய்த ஒருவரை அவளுக்குத் தெரிந்திருந்தது. உடனே தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தத் தமிழ்ப் பத்திரிகை எங்கிருந்து வந்தது என்று சிங்களத்தில் கேட்டாள். "பரண பத்தர," என்றார் அவர். பழைய பேப்பர். கிலோக் கணக்கில் வாங்கியது, அலுமாரித் தட்டின் அளவுக்குச் சரியாக இருந்த தாளை விரித்தோம், படத்தில் ஒரு பெண் இருந்தது வசதியாகப் போயிற்று என்றார். நன்றி சொல்லி வைத்தாள். நான் புதிய பகுதிக்கு எழுதிய தலைப்பை அழித்தேன்.

"ஒண்ணு செல்லவா?" என்றாள் அவள். "இந்த முகத்தப் போடோணும் என்டா கேட்டுத்தான் போடோணும். படக்காரங்க கேக்கல்ல. அது அவங்கட பாவம். நாம தெரிஞ்சிட்டுப் போட ஏலா."

"அவ இருக்கிறாவோ தெரியாது."

"நம்பர் ஈக்கிது."

அறிவித்தலின் அடியில், தகவல் குடும்பத்தினர் என்ற வரிக்குக் கீழே வீட்டுத் தொலைபேசி இலக்கம் இருந்தது. படத்தில் அந்தத் தம்பதி பேயை விரட்ட என்னென்னவோ செய்கிறார்கள். பிக்குவைக் கூப்பிடுகிறார்கள், வீட்டு உரிமையாளரைத் தேடுகிறார்கள். கையில் இருந்த இலக்கத்தை அவர்கள் அழைக்கவில்லை. இலக்கம் என்ற அளவில் அது யாராலும் வாசிக்கக்கூடியதுதான். இதை ஒரு குறிப்பாக எழுதினேன். பிறகு இலக்கத்தையும் எழுதினேன்.

"காணொளியில இத மறைக்கோணும்," என்றாள் அவள். "இல்லாட்டி ஊரே அடிக்கும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தேன். வேலை செய்யாத இலக்கம் என்று வரும் என்று எதிர்பார்த்தேன். மணி போனது. எடுத்தார்கள்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அதே குரல் என்று சொன்னால் அது உண்மையல்ல. அந்தக் குரல் எனக்கு நினைவில் இல்லை, அது சொன்னது மட்டும்தான் நினைவிருந்தது. முன்பு பத்திரிகையில் இருந்தவள் என்றேன். நேரில் வந்து ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்றேன்.

"ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லை அன்ரி. ஒரு படத்தைப் பற்றி."

"பேப்பரிலயிருந்து எடுத்தால் எனக்குச் செத்தவீட்டு ஞாபகம்தான் வாறது. பின்னேரம் வாரும். நாலு மணிக்குப் பிறகு."

எடுத்தவர் அந்தத் தங்கைதான். பழைய வீட்டு இலக்கத்தையும் கொண்டுவந்து, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் மகனின் குடும்பத்தோடு இருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். வயது எழுபதைத் தொட்டிருக்கும். தலைமயிர் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. கண்ணாடி. திரையில் நான் பார்த்த முகத்தை அவரில் தேடினேன். கிடைத்ததா என்று இப்போதும் சொல்ல முடியாது. பால் விடாத பிளேன்ரீ தந்து, கதிரையைக் காட்டி, முன்னால் இருந்தார்.

எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் ஒழுங்குபடுத்திக்கொண்டு போயிருந்தேன். முதலில் படம், பிறகு கட்டுரை, பிறகு அனுமதி. மற்றதைக் கடைசியில், அல்லது சொல்லாமலே. ஆனால் அவர், "எந்தப் படம்?" என்று கேட்டதும் வேறு வரிசையில் வந்தது.

"உங்கட அக்காவின்ர அறிவித்தலுக்குப் படம் வெட்டினது நான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீரோ?"

"ஓம் அன்ரி."

"பேர் தெரியாமலே எத்தினை நாள் உம்மைத் திட்டிப் பேசினனான் தெரியுமோ, பிள்ளை? ஆம்பிளை எண்டுதான் நினைச்சுப் பேசினனான். வீணாப் போச்சுது."

புள்ளடியின் கதையைச் சொன்னேன். என் கையில் இருந்த குறிப்புத்தாளையே திருப்பிக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"திருப்பினால் மாறும் எண்டு தெரியாதோ?"

"தெரியும். அந்த நேரம் நினைக்கேல்லை."

"அத்தானும் பின்பக்கம் போட்டிருக்கக்கூடாது," என்றார். "ஆனா அந்தாள் முன்பக்கம் போடாது. கலியாணப் படம்." பிறகு சொன்னார்: "காலமை பேப்பரைப் பாத்திட்டு வந்த சனத்துக்கு வாசலில நான் நிக்கிறன். ஒரு ஐயா மாலையோட படியிலயே இருந்திட்டார். தண்ணி குடுத்தனாங்கள். என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுகள், பிறகு சிரிச்சுதுகள். உனக்கு ஆயுள் கூடும் எண்டுதுகள். அண்டைக்கு முழுக்க இதே கதைதான். அக்கா நடு வீட்டில கிடக்கிறா. அவவைப் பாத்து ஆரும் ஒழுங்கா அழேல்லை."

குறிப்பெடுக்கும் பழக்கத்தில் பேனாவைக் கையில் வைத்திருந்தேன். மூடி பைக்குள் வைத்தேன்.

பிறகு படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். என் கைத்தொலைபேசியில் அந்தக் காட்சியைப் போட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் தடவை, மனைவியின் விரல் முகத்தைத் தொடும் இடத்தில், "நகம் நீளம்," என்றார்.

"நான் இதில பேயோ?"

"ஓம்."

"என்ன செய்யிறன்?"

"யன்னல் சாத்துறீங்கள். ஒவ்வொரு நாளும் பொழுதுபடேக்க."

"பிறகு?"

"அவ்வளவுதான்."

யன்னல் காட்சி ஒன்றையும் காட்டினேன். அசையாத கமரா, அறை, வெளியே தென்னை, மெல்ல வரும் யன்னல் கதவு. இதில் நான் ஊரடங்கைக் கண்டேன், தனிமையைக் கண்டேன், குற்ற உணர்ச்சியைக் கண்டேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. ஏன் சாத்துகிறாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நுளம்புக்கு," என்றார். "ஆறு மணிக்குச் சாத்தாட்டில் அந்தப் பொடிச்சியும் பெடியனும் எப்பிடி நித்திரை கொள்ளுறது? வாடகைக்கு வந்ததுகளுக்கு உது தெரியாது."

அவர் பகிடியாகச் சொன்னாரா என்று பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. நான் வாழ்ந்த எல்லா வீட்டிலும் நுளம்பு கடிக்காமல் இருக்க ஆறு மணிக்கு யன்னல் சாத்தினோம். அந்த ஆறு நிமிடக் காட்சிகளை நாட்கணக்கில் பார்த்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பயமுறுத்தும் பேய், பார்த்துக்கொள்ளும் பேய் ஆகிறது. அப்படியானால் படம் பயப்படுவது எதற்கு? கேள்வி இன்னும் மோசமாகிவிட்டது.

அனுமதி கேட்டேன். அவரது முகம் வரும், இலக்கத்தை மறைப்போம், பெயரை மறைப்போம், வேண்டாம் என்றால் காட்சியையே எடுத்துவிடுவோம் என்றேன். எடுத்துவிட்டால் கட்டுரை இல்லை என்பதைச் சொல்லவில்லை.

"போடும்," என்றார். "ஒருக்காச் செத்தனான்தானே. ஆனா நான் இருக்கிறன் எண்டு சொல்லவேணும். சும்மா பேயெண்டு விடக்கூடாது."

"சொல்லுறன்."

"வடிவாச் சொல்லும். வெள்ளவத்தையில இருக்கிறா, நல்லாச் சாப்பிடுறா எண்டு சொல்லும்."

வந்த வேலை முடிந்தது. எழும்பியிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் இன்னொன்றும் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அதைத்தான் உண்மையில் கேட்க வந்தேன் என்று அந்த நேரம் தோன்றியது.

"அன்ரி, அக்காவின்ர படம் ஒண்டு இருக்குமோ? கடைசியில அதையும் போடலாம். அண்டைக்கு வந்திருக்க வேண்டிய முகம் இதுதான் எண்டு சொல்லி."

அவர் என்னைப் பார்த்தார். எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தனிப்படத்தோடு வந்தார். அன்று வெட்டக் கொண்டுவந்த கலியாணப் படம் அல்ல, அடையாள அட்டைக்கு எடுத்ததுபோன்ற ஒன்று, கொஞ்சம் பெரியது. அன்று யாருக்கும் அகப்படாதது பிறகு எங்கேயோ அகப்பட்டிருக்கிறது.

"பாரும்," என்றார்.

கையை நீட்டினேன். அவர் ஓரத்தை விடவில்லை. நான் ஒரு பக்கத்தையும் அவர் ஒரு பக்கத்தையும் பிடித்தபடி இருந்தோம். அகன்ற நெற்றி. ஒரு புருவம் மற்றதைவிடச் சற்று உயரம். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியதுபோல உதடு. தங்கையை விட அழகி என்று நினைத்தேன். வெட்டும்போது இந்த முகம் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. நான் அதைக் கத்தரித்து எறிந்திருக்கிறேன்.

"கொண்டுபோய், ஸ்கான் பண்ணிப்போட்டு நாளைக்கே..."

"இல்லைப் பிள்ளை."

"கவனமா வைச்சிருப்பன்."

"நீர் கவனமாத்தான் வைச்சிருப்பீர்," என்றார். குரலில் கடுமை இல்லை. "உங்களிட்டை ஒருக்காத் தந்தனாங்கள்."

"இங்கயே ஃபோனில ஒரு படம்..."

"வேண்டாம். பாத்தீர்தானே. என்ரையைப் போடும். அவவை விடும்."

படத்தை மெல்ல இழுத்துக்கொண்டார். நான் விட்டுவிட்டேன். அவர் அதைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்தார். பிளேன்ரீ ஆறிவிட்டது என்று சொல்லி, இன்னொன்று போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாசல்வரை வந்தார். லிஃப்ட் வேலை செய்யாது, படியால் இறங்கும், இரண்டாம் மாடியில் வெளிச்சம் இல்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போம் என்றார்.

காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது தெஹிவளையில் இருந்து தொலைபேசி வந்தது.

"சரி என்டாங்களா?"

"ஓம். போடட்டாம். உயிரோட இருக்கிறா எண்டு சொல்லவேணுமாம்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப வேல நடக்கும்." பிறகு, "மத்தது செல்லிட்டீங்களா? நீங்கதான் என்டு?"

"சொன்னனான்."

"ஏசினாங்களா?"

"இல்லை. பகிடியாத்தான் கதைச்சவ. தேத்தண்ணி தந்தவ."

"அப்ப நல்லந்தானே. ஏன் அக்கா குரல் ஒரு மாதிரி ஈக்கிது?"

ஒரு வரிச் செய்தியாகச் சொல்லப் பார்த்தேன். கேட்டது கிடைத்தது, என்று தொடங்கினால் தவறு. கிடைக்கவில்லை என்று தொடங்கினாலும் தவறு. எது தலைப்பு, எது உள்ளே போக வேண்டியது என்று பிரிக்க முடியவில்லை.

"மன்னிச்சிட்டாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நான் மன்னிப்புக் கேக்கேல்லை."

"ஏன்?"

பஸ் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். வீதியில் பஸ் எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை.